கலயத்துச் சுண்ணாம்பு

நாசரேத்திலிருந்து தேரிக்காட்டுப் பக்கம் போகும் சாலையில் ஒரு சிற்றூர். நாற்பது வருடம் உபதேசியாராக ஊழியம் செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே மனைவியோடு இருக்கிறார். ஞாயிறு பள்ளியில் அவரிடம் படித்தவன், இன்று பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் குடும்பஸ்தன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். பங்குனி மாதம். பதனீர்க் காலம்.

சீடன்: ஐயா, ஒன்று கேட்க வேண்டும் என்றே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது மனம் நிறைந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் வற்றிப்போகிறது.

குரு: எட்டு மணிக்குள் என்ன நடக்கிறது, தம்பி?

சீடன்: பெரியவன் சீருடையைத் தேடுவான். சின்னவள் சாப்பிட மாட்டேன் என்பாள். அவர்கள் அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ்ஸைப் பிடிக்க அடுப்புக்கும் வாசலுக்குமாக ஓடுவாள். இதற்கு நடுவில் என் அம்மா, "அப்பா வந்தாச்சா?" என்று கேட்பார்கள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகளின் பெயர்கூட மறந்துவிட்டது. நான் குளித்து வருவதற்குள் பத்து தடவை கேட்டுவிடுவார்கள். ஐந்தாவது தடவை என் குரல் உயர்ந்துவிடும். புத்தாண்டு ராத்திரி எடுத்த வாக்குத்தத்த அட்டையை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் கத்துகிறேன். நிலைத்த மனநிறைவு நமக்கு உண்டு என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அது என்னிடம் ஏன் தங்கவில்லை?

குரு: பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அதைப் பற்றிப் பேசுகிறார். அவர் வைத்த கிரேக்கச் சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு 'மனரம்மியம்' என்று தமிழாக்கியிருக்கிறது. அழகான வார்த்தை. அதை ஒட்டி வரும் வினைச்சொல் உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

சீடன்: கற்றுக்கொண்டேன் என்கிறார்.

குரு: பெற்றுக்கொண்டேன் என்று சொல்லவில்லை, பார். சிறையில் இருந்துகொண்டு எழுதுகிறார். தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளி ஒரு நொடியில் வந்தது. மனரம்மியத்தை அவர் வருஷக்கணக்கில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். படிப்பு என்றால் நாள் பிடிக்கும். தப்பு வரும், அடித்துவிட்டுத் திருப்பி எழுதவேண்டியிருக்கும். படிக்க ஒரு பள்ளிக்கூடமும் வேண்டும். உன் வீடுதான் மனரம்மியத்தைக் கெடுக்கிறது என்று நீ நினைக்கிறாய். அந்த வீட்டில்தான் உனக்குப் பாடம் நடக்கிறது.

சீடன்: ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. பவுலுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, மாதம் பிறந்தால் கட்ட வேண்டிய வீட்டுக்கடன் இல்லை. சிறையில்கூட ஒரு தனிமை இருக்கிறது. என் வீட்டில் அதுவும் இல்லையே.

குரு: நியாயமான கேள்வி. அப்படியானால் பவுலை விட்டுவிட்டு நாசரேத்துக்குப் போவோம். நம் நாசரேத்துக்கு இல்லை, கலிலேயாவில் இருந்த நாசரேத்துக்கு. பழைய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் பெயர் வராத ஊர் அது. ஆண்டவர் ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். முப்பது வயது வரை எங்கே இருந்தார்?

சீடன்: தச்சன் வீட்டில்.

குரு: யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நான்கு பேரை மாற்கு பெயர் சொல்லிக் குறிக்கிறார், சகோதரிகளும் இருந்தார்கள் என்கிறார். பன்னிரண்டு வயதில் எருசலேமுக்குப் போய்வந்த பிறகு யோசேப்பை நாம் உயிரோடு எங்கும் பார்ப்பதில்லை. அந்த வீட்டின் பாரம் யார் தோளில் விழுந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அந்த வருஷங்களில் அவர் ஓர் அற்புதமாவது செய்ததாக நான்கு சுவிசேஷத்திலும் எழுதப்படவில்லை. மரம் அறுத்தார், பசித்தார், தூங்கினார், வீட்டாரோடு இருந்தார். அதன் பிறகு யோர்தானில் முழுகி எழுந்தபோது வானத்திலிருந்து என்ன சத்தம் வந்தது?

சீடன்: இவர் என் நேச குமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன் என்ற பொருளில் பிதா பேசினார்.

குரு: அதுவரை ஒரு குருடனுக்கும் பார்வை கொடுக்கவில்லை. ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. பிதாவின் பிரியம் எதன்மேல் இறங்கியது? அந்த முப்பது வருஷத்து மகன்மேல். ஊழியத்தின் முடிவில் வந்த பரிசு என்றால் அது சிலுவைக்குப் பிறகு வந்திருக்கும். முதலிலேயே வந்துவிட்டது. சீருடை தேடுகிற காலையும் சோறு ஊட்டுகிற ராத்திரியும் தேவனுடைய கணக்கில் வீண்பொழுது என்று இனி நீ நினைக்கக் கூடாது.

சீடன்: இதைக் கேட்கும்போது நெஞ்சு இளகுகிறது. ஆனால் ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை அரிப்பது வேலைப் பளு மட்டும் இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், பத்து நாள் இருப்பார், எல்லாருக்கும் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அம்மாவைக் குளிப்பாட்டுவது நாங்கள். மாத்திரை கொடுப்பது நாங்கள். ஆனால் போனில் அண்ணன் குரல் கேட்டால்தான் அம்மா முகம் மலர்கிறது. அந்த நிமிஷம் நான் செய்த எல்லாவற்றையும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.

குரு: கெட்ட குமாரன் உவமையை நீ எத்தனையோ தடவை கேட்டிருப்பாய். அந்தக் கதையில் வீட்டை விட்டே போகாத ஒருவன் இருக்கிறான்.

சீடன்: மூத்தவன்.

குரு: அவன் வாயிலிருந்து வரும் முதல் பேச்சே கணக்குத்தான். இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரு தடவையும் உம் சொல்லை மீறவில்லை, எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி உண்டா என்கிறான். தகப்பன் வீட்டில் இருந்துகொண்டே கூலிக்காரனாக இருந்திருக்கிறான். தூரதேசம் போனவனுக்குப் பசி வந்ததால் தன் நிலைமை தெரிந்தது. இவனுக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததால் தெரியவே இல்லை. வீட்டிலிருந்தே வீட்டை இழப்பது என்றால் இதுதான். ஆனால் ஒன்றைக் கவனி. இளையவனைச் சந்திக்க ஓடிவந்த அதே தகப்பன் மூத்தவனைத் தேடியும் வெளியே வருகிறார். அவர் பதில் என்ன? நீ எப்போதும் என்னோடு இருக்கிறாய் என்பதுதான். ஆட்டுக்குட்டி கேட்டவனுக்குத் தன்னையே காட்டுகிறார்.

சீடன்: அவன் உள்ளே போனானா?

குரு: லூக்கா எழுதவில்லை. அந்த இடத்தை உனக்கும் எனக்கும் விட்டுவைத்திருக்கிறார்.

(உள்ளே இருந்து பெரியவரின் மனைவி ஒரு செம்பில் பதனீர் கொண்டுவந்து வைத்தார்கள். "குடிங்க தம்பி, காலையில் இறக்கினது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சீடன் குடித்தான்.)

குரு: எப்படி இருக்கிறது?

சீடன்: இனிப்பாக இருக்கிறது, ஐயா. சின்ன வயசு ஞாபகம் வருகிறது.

குரு: என் தகப்பனார் பனையேறி. காலையிலும் சாயங்காலமுமாக முப்பது, நாற்பது மரம் ஏறுவார். நெஞ்சில் காய்ப்புக் காய்த்து, தோல் மரப்பட்டை மாதிரி ஆகியிருக்கும். மேலே போய்ப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார். சீவாமல் விட்டால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும், சொட்டு நின்றுபோகும். அதனால் தினமும் ஏற வேண்டும். ஆனால் ஏறுவதற்கு முன்னால், தரையில் இருக்கும்போதே ஒரு காரியம் செய்வார். என்ன தெரியுமா?

சீடன்: கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்.

குரு: தடவாவிட்டால்?

சீடன்: புளித்துக் கள்ளாகிவிடும்.

குரு: மரம் அதேதான். பாளையும் சாறும் அதேதான். சில மணி நேரத்தில் ஒன்று குழந்தைக்குக் கொடுக்கிற பதனீராக நிற்கிறது, இன்னொன்று நுரைத்துப் பொங்குகிறது. வித்தியாசம் கலயத்தின் உட்புறத்தில் இருக்கிறது. நீ உன் வீட்டைப் பற்றிச் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அப்பாவுடைய கலயம்தான் ஞாபகத்தில் நிற்கிறது. வீட்டிலிருந்து வருகிற நல்லதெல்லாம் இனிப்புத்தான். பிள்ளையின் சிரிப்பு, மனைவியின் அன்பு, வயிறு நிறையச் சாப்பாடு. ஆனால் தானாக அது தங்காது. 'எனக்கு இது வர வேண்டியது' என்று வாங்கி வைத்தால், சாயங்காலத்துக்குள் 'இவ்வளவுதானா?' என்று புளிக்க ஆரம்பிக்கும். 'என் பிதா கொடுத்தது' என்று வாங்கி வைத்தால் நிற்கும். ஸ்தோத்திரம்தான் தம்பி, நம் சுண்ணாம்பு.

சீடன்: நானும் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன் ஐயா. ராத்திரி குடும்ப ஜெபத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லுகிறோம்.

குரு: ராத்திரி சொல்லுகிறாய். கள்ளாகிவிட்ட பிறகு சுண்ணாம்பைப் போட்டால் அது பதனீராகுமா? தரையில் நிற்கும்போதே தடவ வேண்டும். ஆண்டவர் என்ன செய்தார்? காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரி, கெத்செமனேக்குப் போவதற்கு முன்னால், அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். சிலுவை முடிந்த பிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும். அவர் முன்னாலேயே சொன்னார்.

சீடன்: அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதுமா? எங்கள் சபையில் ஒருவர் அப்படித்தான். வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டாலும், ஒன்றும் இல்லை, ஸ்தோத்திரம் என்பார். முகத்தைப் பார்த்தால் அழுகை வரும் போலிருக்கும்.

குரு: சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துவிடும். பதனீரின் ருசியும் போய்விடும். அது அளவாக இருக்க வேண்டும். அதன் வேலை சாற்றைப் புளிக்காமல் வைப்பது மட்டும்தான். துக்கத்தைத் துக்கம் என்று சொல்ல விடாத ஸ்தோத்திரம் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும். அதே ராத்திரி ஆண்டவர் நன்றியும் செலுத்தினார். இந்தப் பாத்திரம் நீங்கக் கூடுமானால் நீங்கட்டும் என்று மூன்று தடவை மன்றாடவும் செய்தார். ஒரே நெஞ்சில் இரண்டும் இருந்தன.

இன்னொரு வீட்டைச் சொல்லுகிறேன். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாயார் சூசன்னா. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் குருவானவர் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்றார்கள்; 9 பேரைக் கைக்குழந்தைகளாகவே பறிகொடுத்தார்கள். 1705-ல் கணவர் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1709-ல் வீடு தீப்பிடித்து எரிந்தது. கணவர் சிறையில் இருந்த காலத்தில் யார்க் நகரப் பேராயர் அவர்களைப் பார்த்து, உங்களுக்கு எப்போதாவது சாப்பாட்டுக்கு இல்லாமல் போனதுண்டா என்று விசாரித்தார். என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? சரியாகச் சொன்னால் அப்பம் இல்லாமல் போனதில்லை. ஆனால் சாப்பிடுவதற்கு முன் அதைச் சம்பாதிக்கவும், சாப்பிட்ட பின் அதற்குப் பணம் கொடுக்கவும் பட்ட பாட்டில் அந்தச் சாப்பாட்டில் சந்தோஷம் இல்லாமல் போயிற்று என்ற பொருளில் சொன்னார்கள். மறைக்கவும் இல்லை, முறுமுறுக்கவும் இல்லை. இதே தாயார்தான் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாயங்காலம் என்று ஒதுக்கித் தனியே உட்காரவைத்துப் பேசினார்கள். ஜானுக்கு வியாழக்கிழமை. அந்த வீட்டில் மனரம்மியம் இருந்தது, பொய் இல்லை.

சீடன்: புரிகிறது. இதை என் மனைவிக்கும் சொல்ல வேண்டும், ஐயா. அவளும் இப்போதெல்லாம் மிகவும் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

குரு: (சற்று நேரம் பேசாமல் இருந்து) சொல்லாதே.

சீடன்: ஏன், ஐயா?

குரு: நான் சொல்லிப் பார்த்தவன். அப்போது எனக்குச் சொற்பச் சம்பளம். ஆட்டுரலில் மாவாட்ட முடியவில்லை, தவணையில் ஒரு கிரைண்டர் வாங்கலாமா என்று இவள் கேட்டாள். நான் தீமோத்தேயு நிருபத்தை எடுத்து வைத்து, உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதாதா என்று பிரசங்கம் பண்ணினேன். அவள் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, கோயிலில் ஜோடனை வேலை முடிந்து நேரங்கழித்து வந்தேன். பின்கட்டில் விளக்கு எரிந்தது. ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் வந்ததைப் பார்த்ததும் கையைச் சேலைக்குள் மறைத்தாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, நான் போதும் போதும் என்று சொன்னதெல்லாம் அவள் கையை வைத்துத்தான் என்று.

சீடன்: (தலை குனிந்து) ஐயா...

குரு: பனையேறி மரத்திலிருந்து இறங்கிவிடுவார், ஊர் அவரைப் பார்க்கும். விடிலிக் குடிசைக்குள் புகையிலும் வெக்கையிலும் பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது யார்? என் அம்மா. அவளை யார் பார்த்தார்கள்? போதும் என்று உன்னைப் பார்த்து நீ சொல்லிக்கொண்டால் அது விசுவாசம். பாரம் சுமக்கிறவளைப் பார்த்துச் சொன்னால் அவளிடமிருந்து திருடுவதாகும். அடி வாங்கிக்கொண்டு இருக்கிற பெண்ணிடம் போதுமென்ற மனதோடு இரு என்று சொல்லுகிறவன் வேதத்தைக் கொண்டே அவளை இன்னொரு அடி அடிக்கிறான். உன் மனரம்மியம் மெய்யானதா என்று தெரிய வேண்டுமா? அதனால் உன் மனைவியின் வேலை குறைகிறதா என்று பார். தனக்கு இன்னும் இன்னும் வேண்டும் என்று கேட்கிற மனசு அடங்கினால், கை தானாக அடுத்தவர் பாரத்தைத் தூக்கப் போகும்.

சீடன்: அவளுடைய குறையை நான் இதுவரை காது கொடுத்துக் கேட்கவில்லை. முறுமுறுப்பு என்றே நினைத்துவிட்டேன். ஆனால் என்னால் முடியாததும் இருக்கிறதே, ஐயா. அண்ணனிடம் உதவி கேட்க மானமாக இருக்கிறது. தன் சிலுவையைத் தானே சுமப்பதுதான் மனரம்மியம் என்று இருந்துவிட்டேன்.

குரு: பவுல் வைத்த அந்தச் சொல் அவர் காலத்து ஸ்தோயிக்க ஞானிகளின் சொல். அவர்கள் அதற்கு, யாரும் தேவைப்படாமல் தன்னில் தானே நிறைந்திருப்பது என்று பொருள் கொண்டார்கள். பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார், வேரை மாற்றிவிட்டார். அவருடைய நிறைவு அவரைப் பலப்படுத்துகிற ஒருவரிடத்தில் இருந்தது. அதனால் அவருக்குக் கை நீட்ட வெட்கம் இல்லை. எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பி சபையார் அனுப்பியதை வாங்கிக்கொண்டு நன்றி எழுதுகிறார். தீமோத்தேயுவிடம், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்று கேட்கிறார். மேலங்கி கேட்டதால் மனரம்மியம் குறைந்துபோகவில்லை. அண்ணனுக்கு இன்று ராத்திரியே போன் பண்ணு. கணக்கை ஒப்பிக்காதே. அம்மாவுக்கு இது வேண்டியிருக்கிறது, உங்களால் எவ்வளவு முடியும் என்று மட்டும் கேள்.

சீடன்: கேட்கிறேன். காலையில் சுண்ணாம்பு தடவுவது எப்படி என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

குரு: எழுந்ததும் போனைத் தொடுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, பிதாவே, இவரை இன்றைக்கும் எனக்குத் தந்தீர் என்று சொல். அவ்வளவுதான். அவர்கள் நல்லவர்களாக நடக்கட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று காத்திராதே. ஒரு காரியத்தை மனசில் வை: உன் மனைவியோ பிள்ளைகளோ உன் உள்ளத்தை முழுக்க நிரப்ப முடியாது. அதற்காக அவர்கள் படைக்கப்படவில்லை. தேவன் நிரப்ப வேண்டிய இடத்தை அவர்கள் நிரப்பவேண்டும் என்று கேட்டுக்கேட்டுத்தான் நாம் வீடுகளை நசுக்குகிறோம். அந்தக் கேள்வியை ஆண்டவர் பக்கம் திருப்பிவிட்டால், அவர்கள் கொடுக்கிற கொஞ்சமும் தித்திக்கும். வனாந்தரத்து மன்னா மாதிரி, அன்றன்றைக்கு அளந்து. நாளைக்கென்று எடுத்துவைத்ததில் புழு வந்தது உனக்குத் தெரியும். நாளைக்கும் ஏற வேண்டும், நாளைக்கும் சீவ வேண்டும்.

சீடன்: அம்மா கேட்கும்போது என்ன சொல்ல? அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி அழுகிறார்கள்.

குரு: பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா வரும்போது என்ன வாங்கிவருவார்கள் என்று நீ கேட்டுப் பார். அவர்கள் மறந்தது தேதியைத்தான். காத்திருக்கிற அன்பு இன்னும் அப்படியே இருக்கிறது. சரி, இப்போதே ஒரு தடவை தடவிப் பார். அம்மாவிலிருந்து ஆரம்பி.

சீடன்: (வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்து) பிதாவே... அம்மாவை இன்றைக்கும் எனக்குத் தந்தீர். இன்று காலையில் பத்து தடவை கேட்டார்கள். (நிறுத்தினான். அவன் குரல் மாறியது.) ஐயா, இப்போதுதான் தோன்றுகிறது. எல்லார் பெயரும் அம்மாவுக்கு மறந்துவிட்டது. ஆனால் பத்து தடவையும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கேட்டார்கள்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. செம்பில் மீதியிருந்த பதனீரை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி, அவன் கையில் கொடுத்தார்.

"அம்மாவுக்குக் கொண்டுபோ. இருட்டுவதற்குள் கொடுத்துவிடு."